லிஸ்ப் மேக்ரோவில் சொந்தமாக ஒரு சிறு மொழி: சம்பள விதிகளுக்கு இது சரிவருமா?

ஈசூன்_இரவுக்கிளி:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் ஒரு கணக்கு அலுவலகத்துக்குச் சம்பள மென்பொருள் எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். அவர்களுடைய வாடிக்கையாளர்கள் எல்லாம் சின்ன நிறுவனங்கள்: துப்புரவு வேலை எடுப்பவர்கள், சாப்பாட்டுக் கடைகள், மினிமார்ட்டுகள். வேலை நியமனச் சட்டம் சொல்வது எல்லோருக்கும் பொது. வாரம் 44 மணி நேரத்தைத் தாண்டினால் ஓவர்டைம், அதற்கு ஒன்றரை மடங்கு, இப்படி. அதற்கு மேல் ஒவ்வொரு முதலாளிக்கும் ஒரு தனி ஏற்பாடு. ஒருவர் இரவு ஷிப்ட்டுக்குத் தனி அலவன்ஸ் தருவார், இன்னொருவர் பத்து மணிக்கு மேல் நின்றால் சாப்பாட்டுக் காசு தருவார். இப்போது எல்லாமே பைத்தானில் இஃப், அதற்குள் இஃப், அதற்குள் இன்னொரு இஃப் என்று கிடக்கிறது.

சிக்கல் என்னவென்றால், விதிகளைச் சரிபார்க்க வேண்டியவர் அலுவலகத்தில் இருக்கும் கணக்கர் அக்கா. "இந்த 108 வெள்ளி எந்த விதியில் வந்தது?" என்று அவர் கேட்டால் நான் நிரல் கோடைத் திறந்து படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. அவரே படிக்கிற மாதிரி விதிகளை இப்படி எழுத முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்:

(விதி ஓவர்டைம்
  (எப்போது வாரமணி > 44)
  (கொடு (* 1.5 மணிக்கூலி (- வாரமணி 44))))

பொழுதுபோக்காக ராக்கெட் என்ற லிஸ்ப் குடும்ப நிரல் மொழியைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். மேக்ரோ (கோடை வேறு கோடாக மாற்றும் கோடு) வைத்தே சொந்த மொழி செய்யலாம் என்கிறார்கள். இந்த வேலைக்கு அது தகுமா, இல்லை எனக்குத்தான் ஆசை அதிகமாகிவிட்டதா?

(இழையில் எல்லோருக்கும் புரியட்டும் என்று ராக்கெட்டின் அடிப்படைச் சொற்களுக்கும் தமிழ்ப் பெயர் சூட்டி எழுதுகிறேன். இறக்குமதி செய்யும்போதே பெயரை மாற்றிக்கொண்டால் போதும், கோடு அப்படியே ஓடும்.)

பைத்தான்_பக்தன்:

ஆசைதான் அதிகம்.

விதிகளை ஒரு ஜேசான் கோப்பில் (வெறும் தரவை எழுதி வைக்கும் வடிவம்) போடுங்கள்: நிபந்தனை, வரம்பு, பெருக்கும் எண். அதைப் படித்து ஓட்ட நாற்பது வரி பைத்தான் போதும். புது மொழி செய்தால் அதை யார் பராமரிப்பது? நாளைக்கு நீங்கள் வேலை மாறிப் போய்விட்டால், அடுத்து வருகிற ஆள் முதலில் ராக்கெட் கற்க வேண்டும், அப்புறம் உங்கள் மொழியைக் கற்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பிழையைத் தேடவே தொடங்க முடியும். இங்கே ராக்கெட் தெரிந்த ஆளுக்கு விளம்பரம் கொடுத்துப் பாருங்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்று.

தோபாயோ_தாத்தா:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சில் புதிதாக எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜான் மெக்கார்த்தி லிஸ்ப்பை 1958இல் தொடங்கினார், 1960இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. அதில் இருந்த, லிஸ்ப் நிரலைக் கணக்கிடும் 'எவால்' சார்பை அவர் காகிதத்தில் கணக்காக மட்டுமே எழுதி வைத்திருந்தார். ஸ்டீவ் ரஸ்ஸல்தான் அதை ஐபிஎம் 704இல் ஓட வைத்தார். நிரலும் ஒரு பட்டியல், தரவும் ஒரு பட்டியல். அப்படியென்றால் நிரலைக் கம்பைலரிடம் (இயந்திரம் ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பட்டியலை நாமே பிரித்து மாற்றிக் கட்டிக் கொடுத்தால் என்ன? 1963இல் டிமதி ஹார்ட் எம்ஐடியில் ஒரு குறிப்பு எழுதி மேக்ரோவை லிஸ்ப்புக்குள் கொண்டுவந்தார். அன்றிலிருந்து இன்றுவரை அடிப்படை அதேதான்: மேக்ரோ என்பது கம்பைல் ஆகும்போது ஓடுகிற சார்பு, கோடு உள்ளே போகும், வேறு கோடு வெளியே வரும்.

இது விளையாட்டு இல்லை என்பதற்கு ஒரு விளையாட்டையே சொல்கிறேன். பிளேஸ்டேஷன் 2இல் 2001இல் வந்த 'ஜாக் அண்ட் டாக்ஸ்டர்' பெரும்பாலும் 'கோல்' என்ற மொழியில் எழுதப்பட்டது. அதைச் செய்த நாட்டி டாக் நிறுவனமே தனக்காகக் காமன் லிஸ்ப் மேல் கட்டிய மொழி அது. பிற்பாடு அவர்களே அதைக் கைவிட்டார்கள் என்பதையும் பைத்தான் தம்பிக்காகச் சேர்த்துக்கொள்கிறேன்.

செங்காங்_சீடை:

தாத்தா வரலாறு சொன்னார், நான் நடைமுறைக்கு வருகிறேன். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சாதாரணச் சார்பால் முடியாத எது உங்களுக்கு வேண்டும்?

சார்பை அழைத்தால் அதன் உள்ளீடுகள் எல்லாம் முதலில் கணக்கிடப்படும். உங்கள் 'விதி' ஒரு சார்பாக இருந்து, 'கொடு' பகுதியில் (/ மாதச்சம்பளம் வேலைநாள்) என்று இருக்கிறது என்று வையுங்கள். முழு மாதமும் விடுப்பில் இருந்தவருக்கு வேலைநாள் 0. நிபந்தனை பொய்யாக இருந்தாலும் வகுத்தல் நடந்துவிடும், நிரல் விழுந்துவிடும். மேக்ரோ அந்தக் கோவையை (எழுதிய கணக்குத் துண்டை) கணக்கிடாமல் கையில் வைத்துக்கொண்டு, தேவையான இடத்தில் மட்டும் பதிக்கும்.

பைத்தான்_பக்தன்:

» கணக்கிடாமல் கையில் வைத்துக்கொண்டு

லாம்டாவுக்குள் (பெயரில்லாத சார்பு) சுற்றிக் கொடுத்தால் அதுவும் கணக்கிடாமல்தான் நிற்கும். பைத்தானிலேயே முடியும். அடுத்த காரணம்?

அடைப்புக்குறி_அம்மு:

பக்தன் சொல்வது சரி. கணக்கிடுவதைத் தள்ளிப்போட மட்டும் மேக்ரோ எழுதுபவர்கள் லாம்டா எழுதச் சோம்பல்படுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். அக்கா கேட்பது "இந்த 108 வெள்ளி எந்த விதியில் வந்தது?" லாம்டா ஒரு மூடிய பெட்டி. உண்மை அல்லது பொய் என்று விடை தரும், தனக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லாது. மேக்ரோவின் கையில் இருப்பதோ எழுதிய கோவையே. அதை ஒருமுறை ஓட்டுவதற்கும் இன்னொருமுறை அப்படியே மேற்கோளாக வைத்துக்கொள்வதற்கும் பயன்படுத்தலாம். "வாரமணி > 44, வாரமணி = 50, எனவே ஓவர்டைம்" என்று சம்பளச் சீட்டின் ஓரத்தில் அச்சிடலாம். இங்கே 2016 ஏப்ரலிலிருந்து விவரம் பிரித்துக் காட்டிய சம்பளச் சீட்டு கட்டாயம். ஓவர்டைம் மணியும் தொகையும் அதில் இருந்தே ஆக வேண்டும். விளக்கத்தைத் தனியாக எழுதி வைத்தால் விதி ஒரு பக்கம் மாறும், விளக்கம் பழையபடியே நிற்கும். ஒரே இடத்திலிருந்து இரண்டும் வந்தால் அந்தத் தொல்லை இல்லை.

ஜேசானிலும் இதைச் செய்யலாம். ஆனால் ஜேசானுக்குள் கூட்டல் பெருக்கல் வந்ததும் அதைக் கணக்கிட ஒரு இன்டர்பிரெட்டர் எழுதுவீர்கள். அடுத்து மாறிகள் வரும், அப்புறம் அடைப்புக்குறி வரும். கடைசியில் நீங்கள் எழுதியிருப்பதும் ஒரு மொழிதான், பிழைச் செய்தியே இல்லாத மொழி. மேக்ரோவில் கணக்கு, மாறி, கம்பைலர் எல்லாம் ராக்கெட்டினுடையது. உங்கள் வேலை மேல்தோலை மொழிபெயர்ப்பது மட்டும்.

ஈசூன்_இரவுக்கிளி:

அருமை. நேற்று ராத்திரி உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ஓட மாட்டேன் என்கிறது.

(மேக்ரோ (விதி பெயர் (எப்போது அ ஒப்பீடு ஆ) (கொடு தொகை))
  (வரையறு (பெயர் ஊழியர்)
    (வைத்து ((வாரமணி (எடு ஊழியர் 'வாரமணி))
             (மணிக்கூலி (எடு ஊழியர் 'மணிக்கூலி)))
      (என்றால் (ஒப்பீடு அ ஆ) தொகை 0))))

'வாரமணி' என்ற பெயர் எங்கும் கட்டப்படவில்லை என்று பிழை வருகிறது. கண்ணெதிரே கட்டியிருக்கிறேனே!

அடைப்புக்குறி_அம்மு:

நீங்கள் கட்டிய 'வாரமணி' வேறு, விதியை எழுதியவர் சொன்ன 'வாரமணி' வேறு. எழுத்து ஒன்றாக இருந்தாலும் ராக்கெட்டுக்கு இரண்டும் இரு வேறு பெயர்கள். மேக்ரோ தானாகக் கொண்டுவரும் பெயர்கள், பயனர் எழுதிய பெயர்களைத் தொடாது. இதற்குத்தான் 'ஹைஜீன்' என்று பெயர். கோல்பெக்கர், ஃபிரீட்மன், ஃபெலைசன், டூபா என்ற நால்வர் 1986இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த யோசனை.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? காமன் லிஸ்ப்பின் 'டெஃப்மேக்ரோ'வில் இது கிடையாது. அங்கே மேக்ரோவுக்குள் நீங்கள் 'மொத்தம்' என்று ஒரு தற்காலிக மாறி வைத்து, விதி எழுதுபவரும் தற்செயலாக 'மொத்தம்' என்று ஒன்றை வைத்திருந்தால், ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, தப்பான தொகை மட்டும் வரும். அதற்காக ஒவ்வொரு தற்காலிகப் பெயருக்கும் 'ஜென்சிம்' போட்டுப் புதுப் பெயர் உண்டாக்குவார்கள்.

ஹைஜீனை வேண்டுமென்றே உடைக்கவும் வழி உண்டு ('டேட்டம்->சிண்டாக்ஸ்'). உங்களுக்கு அது வேண்டாம். விதி எழுதுபவரே தனக்கு என்ன விவரங்கள் வேண்டும் என்று சொல்லட்டும்:

(விதி ஓவர்டைம் (வாரமணி மணிக்கூலி)
  (எப்போது வாரமணி > 44)
  (கொடு (* 1.5 மணிக்கூலி (- வாரமணி 44))))

மேக்ரோ இப்படி ஆகும்:

(மேக்ரோ (விதி பெயர் (உள்ளீடு ...) (எப்போது அ ஒப்பீடு ஆ) (கொடு தொகை))
  (வரையறு பெயர்
    (விதிப்பொருள் '(உள்ளீடு ...)
                  '(அ ஒப்பீடு ஆ)
                  (சார்பு (உள்ளீடு ...) (ஒப்பீடு அ ஆ))
                  (சார்பு (உள்ளீடு ...) தொகை))))

இப்போது உள்ளீட்டுப் பெயர்கள் பயனர் எழுதியவை, அதனால் அவர் எழுதிய கோவைக்குள்ளும் தெரியும். லாம்டா இரண்டு இருப்பதைப் பக்தன் கவனிக்கவும். மேக்ரோ செய்வது இரண்டே வேலை: மேற்கோள் எடுப்பது, லாம்டா சுற்றுவது. மிச்சம் எல்லாம் 'விதிப்பொருள்' என்ற சாதாரணக் கட்டமைப்பும் சாதாரணச் சார்புகளும். மேக்ரோ மெலிதாக இருக்க வேண்டும். முந்நூறு வரி மேக்ரோவை அடுத்த வருஷம் எழுதியவராலேயே படிக்க முடியாது.

இன்னொரு லாபம்: எந்த விதி எந்த விவரத்தை நம்பியிருக்கிறது என்பது இப்போது தரவாகக் கையில் இருக்கிறது. மணிக்கூலியைக் கணக்கிடும் விதி முதலில், ஓவர்டைம் பிறகு என்று வரிசையைக் கணினியே போட்டுக்கொள்ளலாம்.

செங்காங்_சீடை:

அம்மு, உங்கள் மேக்ரோவில் ஓர் ஓட்டை இருக்கிறது. இந்த எளிய வடிவில் வார்ப்பில் உள்ள எல்லாப் பெயரும் வெறும் காலி இடங்கள். 'எப்போது' என்பதும் 'கொடு' என்பதும்கூட. விதி எழுதுபவர் 'கொடு' என்பதற்குப் பதில் 'கெடு' என்று அடித்தாலும் மேக்ரோ சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொள்ளும்!

'சிண்டாக்ஸ்-பார்ஸ்' பயன்படுத்தி இந்த இரண்டும் கட்டாயச் சொற்கள் என்று அறிவித்துவிடுங்கள். ரையன் கல்பெப்பர் எழுதிய நூலகம் அது. தப்பு நேர்ந்தால் "இங்கே 'கொடு' வர வேண்டும்" என்று அந்த இடத்தையே சிவப்பாகக் காட்டும். இல்லாவிட்டால் மேக்ரோ விரிந்த பிறகு, அக்கா கண்ணாலேயே பார்த்திராத கோட்டில் பிழை என்று வரும். அதோடு அவர் உங்கள் மொழியை மூடி வைத்துவிடுவார்.

உள்ளீடுகளுக்கும் அதே சோதனை வேண்டும். 'வாரமணி'யை 'வரமணி' என்று உள்ளீட்டிலும் நிபந்தனையிலும் ஒரே மாதிரி தப்பாக எழுதினால் கம்பைலருக்கு அது சரியாகத்தான் தெரியும். ஊழியர் விவரத்தில் என்னென்ன புலங்கள் (விவரப் பெயர்கள்) உண்டு என்ற பட்டியலை மேக்ரோவிடம் கொடுத்துக் கம்பைல் நேரத்திலேயே ஒப்பிடச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலைக் கம்பைல் நேரத்துக்கென்று தனியாக இறக்குமதி செய்ய வேண்டும். ராக்கெட்டில் ஓட்ட நேரமும் கம்பைல் நேரமும் தனித்தனிக் கட்டங்கள், ஒன்றில் இருப்பது மற்றதில் தானாகத் தெரியாது. முதல் முறை எழுதும் எல்லோரும் இங்கே ஒரு மாலை முட்டிக்கொள்வார்கள். ராக்கெட் எழுதும் மென்பொருளான டாக்டர்ராக்கெட்டில் 'மேக்ரோ ஸ்டெப்பர்' என்று ஒரு பொத்தான் உண்டு, விரிவதைப் படிப்படியாகக் காட்டும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

கேலாங்_கணக்கர்:

நிரல் எனக்குப் பாதிதான் புரிகிறது, ஆனால் சம்பளம் புரியும். இழையில் யாரும் தொடாத சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில், எல்லா ஊழியருக்கும் இந்த ஓவர்டைம் விதி பொருந்தாது. உடலுழைப்பு வேலை என்றால் அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரை, மற்ற வேலை என்றால் 2,600 வரை. அதற்கு மேல் வாங்குபவர்களுக்கு முதலாளியோடு செய்த ஒப்பந்தம்தான். மாதத்துக்கு 72 மணி நேரம் என்ற ஓவர்டைம் வரம்பும் இருக்கிறது. அது பணம் கொடுக்கும் விதி இல்லை, எச்சரிக்கை தர வேண்டிய விதி. உங்கள் மொழியில் 'கொடு' மட்டும்தான் இருக்கிறது.

ஓய்வு நாள் இன்னும் சிக்கல். முதலாளி கேட்டு வந்தாரா, ஊழியரே கேட்டு வந்தாரா என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். முதலாளி கேட்டால் அரை நாள் வரை வேலைக்கு ஒரு நாள் சம்பளம், அதற்கு மேல் போனால் இரண்டு நாள். ஊழியர் கேட்டால் அதில் பாதி. இதை ஒற்றை 'எப்போது' தாங்காது.

மணிக்கூலியில் தசமத்தை வெட்டி முழுமையாக்குவதிலும் கவனம். சூத்திரம்: 12 × மாதச் சம்பளம் ÷ (52 × 44). 2,288 வெள்ளி சம்பளம் என்றால் சரியாக 12 வெள்ளி வரும், சோதனைக்கு நல்ல எண். 2,000 வெள்ளி என்றால் 10.4895 என்று நீண்டுகொண்டே போகும். அதை 10.49 ஆக்கி, ஒன்றரையால் பெருக்கி மறுபடி 15.74 ஆக்கி, 3 மணி நேரத்துக்குப் பெருக்கினால் 47.22. கடைசியில் மட்டும் வெட்டினால் 47.20. இரண்டு காசுதான், ஆனால் ஊழியர் கால்குலேட்டரோடு வந்து நிற்பார்.

மசே நிதியில் (மத்திய சேமநிதி, ஓய்வுகாலச் சேமிப்பு) இன்னொரு மாதிரி: மொத்தப் பங்களிப்பை அருகிலுள்ள முழு வெள்ளிக்கு மாற்ற வேண்டும், ஊழியர் பங்கில் காசை அப்படியே விட்டுவிட வேண்டும், கழித்தால் வருவது முதலாளி பங்கு. 55 வயது வரையிலான ஊழியருக்கு மொத்தம் 37 விழுக்காடு, அதில் ஊழியருடையது 20. அதே 2,288 வெள்ளிக்கு மொத்தம் 846.56, அது 847 ஆகும். ஊழியர் பங்கு 457.60, அது 457. முதலாளிக்கு 390. இந்த 'எப்படி வெட்டுவது' என்பதை உங்கள் மொழியில் எங்கே எழுதுவீர்கள்?

அடைப்புக்குறி_அம்மு:

இந்த இழையிலேயே உருப்படியான பதிவு இதுதான். மொழி வடிவமைப்பு என்றால் இதுதான், மேக்ரோ சும்மா கருவி.

வெட்டும் கேள்விக்கு லிஸ்ப்பில் ஒரு வசதி தயாராக இருக்கிறது. முழு எண்களை வகுத்தால் பின்னமாகவே வைத்துக்கொள்ளும். 24000ஐ 2288ஆல் வகுத்தால் விடை 1500/143, அதற்கு மேல் எதுவும் தொலையாது. 3 மணி நேர ஓவர்டைம் 6750/143. கடைசியில் ஒரே ஒருமுறை 47.20 ஆக்கினால் முடிந்தது.

ஆனால் இரவுக்கிளி எழுதிய 1.5 இதைக் கெடுத்துவிடும். தசமப் புள்ளியைக் கண்டதும் ராக்கெட் அதை மிதவைப் புள்ளி எண்ணாக (தோராயத் தசமம்) படிக்கும், அதைத் தொட்ட எல்லாமே மிதவையாகிவிடும். 3/2 என்று எழுதலாம், அக்கா ஏற்பாரா தெரியவில்லை. படித்து முடித்த பிறகு மேக்ரோவில் பின்னமாக மாற்றுவதும் தீர்வு இல்லை. 1.5 பிழைத்துக்கொள்ளும், ஆனால் 0.1ஐ மாற்றினால் 3602879701896397/36028797018963968 வரும், ஏனென்றால் படிக்கும்போதே துல்லியம் போயாயிற்று. மாற்ற வேண்டியது ரீடரை, அதாவது எழுத்தைப் படித்துத் தரவாக்கும் பகுதியை. தசமங்களைத் துல்லிய எண்ணாகவே படிக்கச் சொல்லும் அளவுரு ஒன்று ராக்கெட்டில் உண்டு. உங்கள் மொழிக்கென்று ரீடர் வைத்து அதை அங்கே அமைத்துவிட்டால், அக்கா 1.5 என்று எழுதுவார், உள்ளே அது 3/2 ஆகவே இருக்கும்.

வெட்டும் முறையை விதியிலேயே ஒரு பகுதியாகச் சேருங்கள்: (வெட்டு காசுக்கு), (வெட்டு வெள்ளிக்கு), (வெட்டு காசை-விடு). எழுதாவிட்டால் கம்பைல் ஆகக் கூடாது. இயல்பாக ஏதோ ஒன்று என்று வைத்தீர்களானால் தொகை எங்கே மாறியது என்று பிறகு தேடிக்கொண்டிருப்பீர்கள். 'எச்சரி' என்பதும் 'கொடு'வுக்கு மாற்றாக வரக்கூடிய இன்னொரு வடிவம், சிண்டாக்ஸ்-பார்ஸில் இரண்டு வரி. ஓய்வு நாளுக்கு ஒரே விதிக்குள் பல 'எப்போது–கொடு' ஜோடிகளை அனுமதியுங்கள், முதலில் பொருந்துவது வெல்லும்.

பைத்தான்_பக்தன்:

ஒத்துக்கொள்கிறேன், பின்னம் விஷயம் பிடித்திருக்கிறது. (பைத்தானிலும் பின்ன நூலகம் உண்டு, சும்மா சொல்லி வைக்கிறேன்.)

ஆனால் எனக்கு வேறு பயம். இது முழு ராக்கெட். விதிக் கோப்பில் யாராவது கோப்பை அழிக்கும் கோடு எழுதினால்? முடிவில்லாத சுழற்சி எழுதினால்? ஜேசான் அந்த வகையில் ஊமை, அதனால் பாதுகாப்பு.

செங்காங்_சீடை:

நல்ல கேள்வி. ராக்கெட்டில் ஒவ்வொரு கோப்பும் முதல் வரியிலேயே தான் எந்த மொழி என்று சொல்லும். நீங்கள் செய்யும் மொழி எந்தப் பெயர்களை ஏற்றுமதி செய்கிறதோ அவை மட்டும்தான் அந்தக் கோப்புக்குள் இருக்கும். விதி, எப்போது, கொடு, எச்சரி, வெட்டு, நான்கு கணக்குக் குறிகள், ஒப்பீடுகள். சார்பு வரையறுக்கும் சொல்லையே ஏற்றுமதி செய்யாவிட்டால் விதிக் கோப்பில் சார்பு எழுத முடியாது. சார்பும் சுழற்சியும் இல்லாவிட்டால் முடிவில்லாமல் ஓடவும் முடியாது. இறக்குமதிச் சொல்லும் இல்லை, ஆகவே கோப்பைத் தொட வழியில்லை. வெளியார் எழுதும் கோப்பு என்றால் அதற்கு மேல் சேண்ட்பாக்ஸ் (கோடை அடைத்துவைத்து ஓட்டும்) நூலகம் வைத்து நேரத்துக்கும் நினைவகத்துக்கும் வரம்பு போடுங்கள். ரீடர் வழியாக வேறு மொழிக்குத் தாவும் வசதியையும் மறக்காமல் அடைத்துவிடுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது பழகிய யோசனைதான். தேசியப் பல்கலைக்கழகத்தில் சிஎஸ்1101எஸ் என்ற நிரலாக்கப் பாடம் படித்தவர்கள் இருந்தால் அதில் வரும் 'சோர்ஸ்' மொழி நினைவிருக்கும். அந்தப் பாடம் முன்பு ஸ்கீம் என்ற லிஸ்ப் வகை மொழியில் நடந்தது, 2012இல் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மாறியது. ஆனால் முழு ஜாவாஸ்கிரிப்ட் கிடையாது. சோர்ஸ் §1இல் மதிப்பை மாற்றி எழுதவும் முடியாது, வைல் சுழற்சியும் இல்லை. §2இல் பட்டியல் வரும், §3இல்தான் மாற்றி எழுதுவதும் சுழற்சியும். அது மேக்ரோவில் செய்தது இல்லை என்றாலும் எண்ணம் ஒன்றுதான்: எதை உள்ளே விடக்கூடாது என்று முடிவு செய்வதில்தான் மொழி பிறக்கிறது.

தோபாயோ_தாத்தா:

கோப்பிக் கடையில் "கோப்பி சி கோசோங் பெங்" (எவாப்பரேட்டட் பால் விட்ட, சீனி இல்லாத ஐஸ் கோப்பி) என்கிறோமே, அதுவும் இதே ஜாதி மொழிதான். பானம், பால், சீனி, ஐஸ் என்று நான்கு இடம், ஒவ்வொன்றுக்கும் கைவிரல் விட்டு எண்ணும் சொற்கள். சுழற்சி இல்லை, மாறி இல்லை. கடைக்கார அங்கிள் தப்பாகக் கேட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை.

பைத்தான்_பக்தன்:

தாத்தா, அந்த மொழியில் பிழைச் செய்தி அங்கிளின் முறைப்புதான்.

ஈசூன்_இரவுக்கிளி:

:) இதுவரை செய்ததைச் சொல்கிறேன். ரீடர், சிண்டாக்ஸ்-பார்ஸ், புலப் பட்டியல் சோதனை மூன்றும் வேலை செய்கின்றன. 2,288 வெள்ளி ஊழியருக்கு 50 மணி வாரத்தில் 108 வெள்ளியும், பக்கத்தில் "வாரமணி > 44" என்ற விளக்கமும் வருகின்றன. அக்காவிடம் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "தேதி எங்கே?"

மசே நிதியின் சம்பள உச்சவரம்பு 2023 செப்டம்பரில் 6,300, 2024 ஜனவரியில் 6,800, 2025இல் 7,400, 2026இல் 8,000 வெள்ளி. பழைய மாதத்தின் சம்பளத்தைத் திருத்தினால் பழைய வரம்பு வேண்டும். இப்படி எழுதலாமா?

(அட்டவணை உச்சவரம்பு
  (2023-09-01 முதல் 6300)
  (2024-01-01 முதல் 6800)
  (2025-01-01 முதல் 7400)
  (2026-01-01 முதல் 8000))

அடைப்புக்குறி_அம்மு:

எழுதலாம். நடுவில் சிறு கிடைக்கோடுகள் இருப்பதால் ராக்கெட் 2024-01-01ஐ எண்ணாகப் படிக்காது, ஒரு சின்னமாகப் படிக்கும். மேக்ரோ அந்தச் சின்னத்தை எழுத்துச் சரமாக்கிப் பிரித்து, உண்மையான தேதிதானா என்று கம்பைல் நேரத்திலேயே பார்க்கலாம். பிப்ரவரி 30 என்று யாராவது எழுதினால் அந்த வரியிலேயே பிடிபடும். தேதிகள் ஏறுவரிசையில் இருக்கின்றனவா, ஒரே தேதி இரண்டு முறை வருகிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள். முதல் தேதிக்கு முந்திய மாதத்தைக் கேட்டால் 0 தரக்கூடாது, பிழை வர வேண்டும்.

கேலாங்_கணக்கர்:

பொது விடுமுறை ஓய்வு நாளில் விழுந்தால் அடுத்த வேலை நாள் சம்பளத்தோடு விடுமுறை. இது தொகை விதி இல்லை, நாட்காட்டி விதி. இதையும் உங்கள் மொழிக்குள் திணிக்காதீர்கள். நாட்காட்டியைத் தனியாகக் கணக்கிட்டு, 'விடுமுறைநாள்' என்று ஒரு புலமாகக் கொடுத்துவிடுங்கள்.

செங்காங்_சீடை:

கணக்கருக்கு ஒரு 'ஆமாம்' என் பக்கத்திலிருந்து. மொழியை எங்கே நிறுத்துவது என்று நிரலர்களுக்குச் சுலபமாகத் தெரிவதில்லை.

இரவுக்கிளி, தமிழில் பெயர் வைப்பதால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். 'தொகை'யில் உள்ள 'தொ'வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒரே குறியீடாகவோ, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகவோ. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், ஒப்பிட்டால் வேறு வேறு. பைத்தான் தன் பெயர்களைத் தானே இயல்பாக்கிவிடும் (பக்தன் மகிழலாம்). நீங்கள் உங்கள் ரீடரிலேயே எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். அதற்கான சார்பு ராக்கெட்டிலேயே இருக்கிறது.

ஈசூன்_இரவுக்கிளி:

ஓ! அக்கா கணினியில் அடித்த விதி மட்டும் "இப்படி ஒரு புலமே இல்லை" என்று நின்றதற்கு இதுதான் காரணமா? அவர் வேறு விசைப்பலகை மென்பொருள் வைத்திருக்கிறார். நான் அவர் எழுத்துப்பிழை விட்டார் என்று நினைத்தேன். ரீடரில் சேர்த்துவிட்டேன், ஓடுகிறது.

பைத்தான்_பக்தன்:

சரி, கடைசியாக ஒன்று. மொத்த மொழியும் எத்தனை வரி?

ஈசூன்_இரவுக்கிளி:

மேக்ரோக்கள் நூறு வரிக்குள். பிழைச் செய்திகளும் சோதனைகளும் அதைப் போலப் பல மடங்கு. பைத்தான் பக்கம் அப்படியேதான் இருக்கிறது: வருகைப் பதிவு, பிடிஎஃப், வங்கிக் கோப்பு எல்லாம் அங்கே. ராக்கெட் விதிகளை மட்டும் கணக்கிட்டு ஜேசானாகத் திருப்பித் தருகிறது.

பைத்தான்_பக்தன்:

ஆக, ஜேசான் வந்தே விட்டது. கோடைப் போடுங்கள், பார்க்கிறேன்.

ஈசூன்_இரவுக்கிளி:

வாடிக்கையாளர் விதிகளை எடுத்துவிட்டு, சட்ட விதிகளோடு மட்டும் வார இறுதியில் போடுகிறேன். ஓய்வு நாள் விதியைக் கேலாங் கணக்கர் ஒருமுறை படித்துப் பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கேலாங்_கணக்கர்:

போடுங்கள். அரை நாள் என்பதை நான்கு மணி என்று எழுதியிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். அந்த ஊழியரின் வழக்கமான வேலை நேரத்தில் பாதி என்றுதான் எழுத வேண்டும்.